மூன்றாம் டிகாஷன்: எரிமலைப் பாறையின் வேதியியலில் தொலைந்த கடல்களைத் தேடுவது

கோலார் தங்க வயலை ஒட்டிய பெத்தபள்ளியில் உள்ள எரிமலைச் சிதறல் பாறைகளையும் தலையணை லாவாவையும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது. வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டு. லாவா தண்ணீருக்குள் வழிந்தால் அதன் மேற்புறம் சட்டென்று உறைந்து தோலாகிவிடும். உள்ளே இன்னும் இளகியிருக்கும் குழம்பு அந்தத் தோலைப் பிய்த்துக்கொண்டு பக்கத்தில் உருண்டையாகப் பிதுங்கும். அதுவும் உறையும், இன்னொன்று பிதுங்கும். கடைசியில் பஞ்சுத் தலையணைகளை அடுக்கிவைத்த மாதிரி ஒரு பாறை கிடைக்கும். அந்த வடிவத்தைப் பார்த்ததுமே, இங்கே ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது என்று முதலாமாண்டு மாணவர்கூடச் சொல்லிவிடுவார்.

என்ன தண்ணீர் என்பதுதான் கேள்வி. பூமியின் மேற்புறப் பாறைத் தட்டுகள் இரண்டு விலகிப்போகும் நடுக்கடலா? ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடத்தில் எழும்பிய எரிமலைத் தீவு வரிசையா (தீவு வளைவு என்பார்கள்)? கண்டம் பிளக்கத் தொடங்கிய பள்ளத்தில் தேங்கிய நீரா? இந்த மூன்றிலும் தலையணை ஒரே மாதிரிதான் இருக்கும்.

கடலுக்கே போய்ப் பார்த்துவிடலாமே என்றால், அதற்கு வழியில்லை. கடல்தளம் உருவாகி, நகர்ந்து, மறுபடி பூமிக்குள் போய்விடுகிறது. 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்தளம் இன்று கடலில் கிட்டத்தட்ட மிச்சமே இல்லை. பூமியின் வயதோ 450 கோடிக்கு மேல். மீதிக் காலத்துக்கு நம்மிடம் இருப்பவை நிலத்தின்மேல் சிக்கிக்கொண்ட துண்டுகள் மட்டுமே: மடங்கி, வெந்து, பச்சையாகிப்போன எரிமலைப் பாறைகள். அவற்றின் வேதியியலை வைத்துப் பழைய தட்டுகளின் அமைப்பை ஊகிக்கும் கலை கடந்த ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்தது. அதற்கு எவ்வளவு திறமை இருக்கிறதோ, தவறாகப் பயன்படவும் அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

முதலில் அடிப்படை. பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் திடமான பாறை. அது முழுவதும் உருகுவதில்லை. ஓர் இடத்தில் சில சதவீதம், மிஞ்சிப்போனால் ஐந்தில் ஒரு பங்கு உருகி, அந்தக் குழம்பு மட்டும் மேலே வந்து பசால்ட் ஆகிறது. ஃபில்டரில் காபித்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தூள் அங்கேயே இருக்கும், டிகாஷன் கீழே இறங்கும். கவசத்தின் தாதுக்களில் மெக்னீசியமும் இரும்பும் ஒழுங்காகப் பொருந்தி உட்கார்ந்திருக்கின்றன. தோரியம், நியோபியம், லாந்தனம் போன்றவை அந்தப் படிகங்களுக்குள் பொருந்தாதவை. உருவம் பெரிது, அல்லது மின்னூட்டம் அதிகம். கொஞ்சம் உருக ஆரம்பித்தாலும் முதல் ஆளாக வெளியே ஓடிவிடும். முதல் டிகாஷன் கெட்டியாக இருப்பது இதனால்தான்.

பூமியின் கவசத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே ஒருமுறை வடிக்கப்பட்ட தூள். அந்த முதல் டிகாஷனில் ஒரு நல்ல பங்கு கண்டங்களாகிப்போய்விட்டது. மீதமிருக்கும் தூளின் மேல் நடுக்கடல் முகடுகளில் மறுபடி வடிக்கிறார்கள். அதனால் அங்கே கிடைக்கும் பசால்ட் இரண்டாம் டிகாஷன்: பொருந்தாத தனிமங்கள் குறைந்தது, நீர்த்தது. சாதாரண நடுக்கடல் பசால்ட்டில் தோரியம் பத்து லட்சத்தில் 0.12 பங்கு, நியோபியம் சுமார் 2.3 பங்கு. ஆக நியோபியத்துக்குத் தோரியம் இருபதில் ஒரு பங்கு. இந்த விகிதம் பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

ஹவாய் போன்ற தீவுகளின் கதை வேறு. ஆழத்திலிருந்து எழும் சூடான கவசம், அதிகம் வடிக்கப்படாத தூள். அதுவும் ஆழத்திலேயே உருகத் தொடங்குவதால் அங்கே கார்னெட் என்ற தாது இருக்கும். அது இட்டர்பியம் போன்ற கன அருமண் தனிமங்களை (லாந்தனத்தின் குடும்பத்தில் எடை கூடியவை) பிடித்துவைத்துக்கொள்ளும். எனவே அருமண் தனிமங்களை லேசானதிலிருந்து கனமானது வரை வரிசையாக வைத்த வரைபடம் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்து நிற்கும்.

ஒரு தட்டு அமிழும் இடத்துக்கு வந்தால் விஷயம் சுவையாகிறது. கீழே போகும் கடல்தளம் தன்னோடு நீரையும் மேலே படிந்த வண்டல் படிவத்தையும் கொண்டுபோகிறது. ஆழத்தில் சூடேறும்போது அந்த நீர் பிழியப்பட்டு மேலே உள்ள கவசத்துக்குள் ஏறும். நீர் பட்டால் பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அமிழ்தல் மண்டலத்துக்கு மேலே எரிமலைகள் இருப்பதற்கே காரணம் அதுதான். அந்த நீரும் அதோடு சேர்ந்து வரும் படிவ உருகலும் வெறுங்கையோடு வருவதில்லை. பேரியம், ஸ்ட்ரான்சியம், ஈயம், தோரியம் ஆகியவற்றைச் சுமந்து வரும். நியோபியமும் டான்டலமும் மட்டும் வர மறுக்கும். அவை நீரில் எளிதில் கரையாது. போதாக்குறைக்கு, அமிழும் தட்டில் உருவாகும் ரூட்டைல் என்ற தாது அவற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தீவு வளைவுகளின் பசால்ட்டில் தனிமங்களை வரிசையாகக் கோடிட்டுப் பார்த்தால், நியோபியம் இருக்கும் இடத்தில் கோடு பொத்தென்று ஒரு பள்ளத்தில் விழும். தோரியம்–நியோபியம் விகிதம் நடுக்கடல் அளவைவிடப் பல மடங்கு ஏறிவிடும். இந்தத் துறையில் ஒரே ஒரு தடயத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் நான் இந்த நியோபியப் பள்ளத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். பிறகு அதையே சந்தேகிக்கவும் செய்வேன். ஏன் என்று கீழே வருகிறது.

பழைய பாறையில் இன்னொரு தொல்லை உண்டு. லாவா உறைந்த மறுநாளிலிருந்தே கடல்நீர் அதற்குள் புகுந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் ருபீடியத்தையும் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கும். பிறகு மலை எழும்பும்போது மறுபடி வேகும். பழைய பாணியில் சிலிக்கா, சோடியம், பொட்டாசியம் அளவை வைத்து முடிவு சொல்வது, பத்துமுறை வெள்ளையடித்த சுவரைப் பார்த்து முதல் வண்ணம் என்ன என்று சொல்வதைப் போன்றது. பிரிட்டனைச் சேர்ந்த ஜூலியன் பியர்ஸும் ஜோ கேனும் 1973இல் வெளியிட்ட கட்டுரையின் பலம் இங்கேதான் இருந்தது. நீரோடு நகராத தனிமங்களை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்: டைட்டானியம், சிர்க்கோனியம், இட்ரியம். பிறந்த இடம் சந்தேகமின்றித் தெரிந்த இளம் பசால்ட்டுகளை ஒரு முக்கோணத்தில் புள்ளி புள்ளியாக வைத்தார்கள். நடுக்கடல், தீவு வளைவு, தட்டின் நடுப்பகுதி என்று புள்ளிகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்தன. டைட்டானியத்தை நூறால் வகுத்து, இட்ரியத்தை மூன்றால் பெருக்கியிருப்பார்கள். அதில் மறைபொருள் எதுவும் இல்லை. புள்ளிகள் எல்லாம் ஒரு மூலையில் குவியாமல் நடுவே வர வேண்டும், அவ்வளவுதான்.

1982இல் ஜான் ஷெர்வைஸ் டைட்டானியத்தையும் வனேடியத்தையும் ஜோடி சேர்த்தார். நீர் அதிகமுள்ள அமிழ்தல் மண்டலத்தில் குழம்பு அதிகம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும். அந்த நிலையில் வனேடியம் படிகங்களில் தங்காமல் குழம்போடு போய்விடும். எனவே டைட்டானியத்தை வனேடியத்தால் வகுத்தால் தீவு வளைவுகளில் 20க்குக் கீழே, நடுக்கடலில் 20 முதல் 50 வரை வரும்.

இதெல்லாம் சோதனைக்கூடத்தில் சுகமாகத் தோன்றும். களத்தில் கல் எடுப்பவருக்குத்தான் கஷ்டம் தெரியும். லாவாவின் குமிழித் துளைகளில் பின்னால் வந்து நிறைந்த கால்சைட்டை விலக்க வேண்டும், விரிசலோரத்தை வெட்டி எறிய வேண்டும். அரைக்கும் பாத்திரத்தில்கூடக் கவனம் வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு அரைவையில் அரைத்தால் டங்ஸ்டன், கோபால்ட் ஆகியவற்றோடு டான்டலமும் மாதிரியில் ஏறிவிடும். எந்தத் தனிமத்தின் குறைவைத் தேடுகிறோமோ அதையே நம் கையால் கலந்துவிட்டால் எந்த வரைபடமும் உதவாது. அகேட் உரல்தான் பத்திரம்.

இந்த ஆய்வுமுறை மேடையேறிச் சண்டை போட்ட இடம் சைப்ரஸ் தீவின் ட்ரூடோஸ் மலை. அந்தத் தீவின் பெயர்தான் இலத்தீன் வழியாகச் செம்புக்கே பெயரானது. அந்தச் செம்பும் இந்தத் தலையணை லாவாவுக்குள் கடலடி வெந்நீர் ஊற்றுகள் படியவைத்தது. ட்ரூடோஸில் கீழிருந்து மேலாகக் கவசப் பாறை, காப்ரோ (ஆழத்தில் மெதுவாக உறைந்த குழம்பு), பக்கம் பக்கமாக நிறுத்திய சீட்டுக்கட்டுபோல டைக்குகள் (விரிசலில் ஏறி உறைந்த குழம்புச் சுவர்கள்), அதன் மேல் தலையணை லாவா என்று ஒரு கடல்தளத்தின் குறுக்குவெட்டு அப்படியே கிடைக்கிறது. வயது சுமார் 9.2 கோடி ஆண்டு. இது நிலத்தில் ஏறிவிட்ட கடல்தளமா என்று இயன் காஸ் 1968இல் கேட்டார். எல்ட்ரிட்ஜ் மூர்ஸும் ஃபிரெட் வைனும் 1971இல் அதை விரிவாக ஆராய்ந்து நடுக்கடல் முகட்டில் பிறந்தது என்றார்கள். அந்த டைக் அடுக்கைப் பார்த்தால் வேறு எதுவும் தோன்றாது. ஒன்றை ஒன்று பிளந்துகொண்டு இத்தனை டைக்குகள் வரவேண்டுமென்றால் தரை தொடர்ந்து விரிந்துகொண்டே இருந்திருக்க வேண்டும்.

1973இல் ஜப்பானியப் புவியியலாளர் அகிஹோ மியாஷிரோ ஒரு சிறு கட்டுரையில், ட்ரூடோஸ் ஒரு தீவு வளைவில் பிறந்திருக்கலாம் என்றார். அவர் பார்த்தது பெரும்பாலும் சிலிக்காவும் இரும்பும் மெக்னீசியமும். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அப்போதுதான் தட்டுக் கொள்கை வெற்றி பெற்றிருந்தது. ட்ரூடோஸ் அதன் காட்சிப் பொருள். கடல்நீர் சிலிக்காவைக் குலைத்திருக்கும், இந்தப் பாறையை அப்படிப் படிக்கக்கூடாது என்று பதில் வந்தது. அந்த எதிர்வாதமும் நியாயமானதே. மியாஷிரோ எடுத்த கருவி பலவீனமானது.

ஆனால் முடிவு அவர் பக்கம்தான் சாய்ந்தது. நகராத தனிமங்களை வைத்துப் பார்த்தபோதும் ட்ரூடோஸின் லாவாக்கள் தீவு வளைவின் சாயலையே காட்டின. 1980களின் தொடக்கத்தில், மாற்றமே அடையாத எரிமலைக் கண்ணாடித் துண்டுகள் தலையணைகளின் ஓரத்தில் கிடைத்தன. கடல்நீர் கெடுத்துவிட்டது என்ற வாதம் அங்கே செல்லாது. மேலடுக்கு லாவாக்களில் போனினைட் வகையும் வந்தது. ஜப்பானுக்குத் தெற்கே உள்ள போனின் தீவுகளின் பெயரைக் கொண்ட பாறை இது. மெக்னீசியமும் சிலிக்காவும் ஒருசேர அதிகம், டைட்டானியம் அரை சதவீதத்துக்கும் குறைவு. நம் கணக்கில் இது மூன்றாம் டிகாஷன். ஏற்கெனவே இரண்டு முறை சாறு போன தூள். வெறும் சூட்டில் அதிலிருந்து ஒன்றும் இறங்காது. நீர் ஊற்றினால்தான் இறங்கும். அந்த நீர் எங்கிருந்து வந்தது என்றால், கீழே அமிழும் ஒரு தட்டு வேண்டியிருக்கிறது.

தரை விரிந்ததும் உண்மை, அமிழ்தலின் நீர் வந்ததும் உண்மை. பியர்ஸ், லிப்பார்ட், ராபர்ட்ஸ் மூவரும் 1984இல் இரண்டையும் சேர்த்து, அமிழ்தல் மண்டலத்துக்கு மேலே விரிந்த கடல்தளம் என்றொரு வகையை முன்வைத்தார்கள். அப்படி ஓர் இடம் உண்மையிலேயே உண்டா என்ற கேள்விக்கு 2014இல் ஜாய்டஸ் ரெசல்யூஷன் கப்பல் போனின் தீவுகளின் முன்புறக் கடலடியைத் துளைத்தபோது பதில் கிடைத்தது. சுமார் 5.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பசிபிக் தட்டு அமிழத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே, அங்கே தரை பிளந்து முதலில் பசால்ட்டும் அடுத்துப் போனினைட்டும் வந்திருக்கின்றன. ட்ரூடோஸின் கீழடுக்கும் மேலடுக்கும் போகும் திசை இதுவே. சைப்ரஸில் வேதியியல் சொன்னதும் டைக்குகள் சொன்னதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டுக்கும் இடம் கொடுக்கும் ஓர் அமைப்பு 1973இல் யார் மனதிலும் இல்லை.

இனி அந்தச் சந்தேகம். நியோபியப் பள்ளத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. கண்ட மேலோட்டில் தோரியம் ஏராளம், நியோபியம் அதற்கேற்ப இல்லை. சராசரியாக அங்கே தோரியம் நியோபியத்தில் பத்துக்கு ஏழு. கவசத்திலிருந்து ஏறிவரும் சுத்தமான குழம்பு, கண்டத்தைத் துளைத்து வரும்போது சுவரைக் கொஞ்சம் கரைத்துக் குடித்துவிட்டால் போதும், தீவு வளைவின் கையெழுத்து தானே வந்துவிடும். அமிழும் தட்டு எதுவும் தேவையில்லை.

தக்காணத்தைப் பாருங்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டத்தின் நடுவே கொட்டிய லாவா அது. அங்கே எந்தத் தட்டும் அமிழவில்லை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அடுக்கடுக்காகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். மகாபலேஷ்வர் பக்கம் உள்ள அம்பேனலி அடுக்கு மேலோட்டைக் கிட்டத்தட்டத் தொடாமல் வந்தது. அதன் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதம் (பழைய கண்டப் பாறை கலந்தால் ஏறும் எண்) 0.704 அளவில் இருக்கும், பல விதத்தில் நடுக்கடல் பசால்ட்டின் பக்கம் சாயும். அதற்குக் கீழே உள்ள புஷே அடுக்கில் அதே விகிதம் 0.713க்கு மேல் போகிறது. கண்டப் பாறையை நன்றாகக் கரைத்து உண்ட லாவா அது. நியோபியப் பள்ளமும் அதில் உண்டு. தக்காணம் முழுவதும் அரித்துப்போய் இரண்டே துண்டு மிஞ்சியிருந்தால், எதிர்காலத்தில் ஒருவர் ஒரு துண்டைக் கடல் முகடு என்றும், இன்னொன்றைத் தீவு வளைவு என்றும், நடுவில் ஒரு பெருங்கடல் மூடியது என்றும் கட்டுரை எழுதிவிட முடியும். வரைபடங்களும் அதற்குத் துணைபோகும்.

இந்தப் பயத்தை எண்ணிக்கையோடு முன்வைத்தவர்கள் சூசி லீ, நிக்கோலஸ் ஆர்ண்ட், சிங்யான் தாங், எட்வர்ட் ரிப்லி. பெரிய தரவுத்தளங்களிலிருந்து இளம் பசால்ட்டுகளை எடுத்துப் பழைய வரைபடங்களில் போட்டுப் பார்த்தபோது, கட்டங்கள் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. 2015இல் வந்த அந்தக் கட்டுரை, இவை வேறுபடுத்தாத வரைபடங்கள் என்ற பொருள்படும்படி தலைப்பிலேயே குத்தியது. எனக்கு அந்தக் கிண்டல் பிடித்திருக்கிறது. ஆனால் குற்றம் வரைபடத்தினுடையது மட்டும் இல்லை. புள்ளி எதைக் காட்டுகிறது? எந்தத் தூள், எத்தனையாவது வடிப்பு, நீர் உண்டா, வழியில் எதைக் கரைத்தது என்பதையே. அது சமையல் குறிப்பு. சமையல் குறிப்பிலிருந்து வீட்டு முகவரிக்குப் போவது நாம் எடுக்கும் அடி. அந்த அடிக்கு வேறு சாட்சியம் வேண்டும். ட்ரூடோஸில் டைக்குகள் இருந்தன, கண்ணாடி இருந்தது, பசிபிக்கில் ஒப்பிட ஓர் உயிருள்ள உதாரணம் கிடைத்தது.

270 கோடி ஆண்டுப் பாறைக்கு அந்த வசதி இல்லை. அன்றைய கவசம் இன்றைவிடச் சூடு. கோமட்டைட் என்ற லாவா அப்போது பரவலாக வழிந்தது. தென்னாப்பிரிக்காவின் கோமட்டி ஆற்றங்கரையில் வில்யோன் சகோதரர்கள் 1969இல் அடையாளம் கண்டது. மெக்னீசியம் ஆக்சைடு 18 சதவீதத்துக்கு மேல். இன்று எந்த எரிமலையும் அதைக் கக்குவதில்லை. இன்றைய பசால்ட்டுகளை வைத்து வரைந்த கட்டங்களில் அதற்கு இடமே கிடையாது. கிரீன்லாந்தின் இசுவா, கனடாவின் நுவ்வுவாகிட்டுக் போன்ற மிகப் பழைய பட்டைகளில் போனினைட் சாயல் தெரிகிறது என்றும், ஆகவே அப்போதே தட்டுகள் அமிழ்ந்தன என்றும் வாதங்கள் உண்டு. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புஷே அடுக்கு நினைவுக்கு வந்துவிடும்.

கோலாருக்குத் திரும்பலாம். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை செய்த சுரங்கம், 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம்; 2001இல் மூடப்பட்டது. தங்கம் இருந்த அந்தக் குறுகிய எரிமலைப் பாறைப் பட்டையைத்தான் 1980களில் ராஜாமணி, பாலகிருஷ்ணன், ஹான்சன், குரோக்ஸ்டாட் முதலானோர் வேதியியலால் துருவினார்கள். லாவா உருமாறி ஆம்பிபோலைட் ஆகிவிட்டது. கோமட்டைட் வகையும் அதில் உண்டு. முக்கோணத்தில் புள்ளி வைத்து இது இன்ன இடம் என்று சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. பட்டையின் கிழக்குப் பக்கத்தையும் மேற்குப் பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். கிழக்கில் லேசான அருமண் தனிமங்கள் செறிந்திருந்தன, மேற்கில் குறைந்திருந்தன. ஈயம், நியோடிமியம் ஐசோடோப்புகளும் ஒத்துப்போகவில்லை. இரண்டும் ஒரே தூளின் டிகாஷன் இல்லை என்று ஆனது. இருபுறமும் உள்ள நைஸ் என்ற உருமாறிய பாறைகளுக்கும் வெவ்வேறு வரலாறு: மேற்கில் 320 கோடி ஆண்டுக்கு முந்தைய பழைய மேலோட்டின் தடயம் இருந்தது, கிழக்கில் அது இல்லை.

1989இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, தனித்தனியாகப் பிறந்த துண்டுகள் 253 கோடிக்கும் 242 கோடி ஆண்டுகளுக்கும் இடையில் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு இந்தப் பட்டையில் ஒட்டின, ஆகவே 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தட்டுகள் இயங்கின என்றது. ‘ஒன்றா, வேறா?’ என்ற கேள்விக்குத் தனிமங்கள் தரும் பதில், ‘எங்கே?’ என்ற கேள்விக்குத் தரும் பதிலைவிட உறுதியானது. கட்டம் எங்கே முடிகிறது என்ற தகராறு இங்கே எழாது. இதனால்தான் கோலார் ஆய்வை நான் நம்பிப் படிக்கிறேன்.

இருந்தாலும் வழக்கு முடியவில்லை. கோலார் அடங்கிய கிழக்குத் தார்வார்ப் பாறைப் பகுதியில் அதே காலத்தில் எழும்பிய ஏராளமான புதிய கிரானைட் பாறைகளுக்கு ஆழத்திலிருந்து எழுந்த வெப்பத்தூண் ஒன்றே போதும் என்று ஜெயானந்தாவும் உடனிருந்தவர்களும் 2000இல் எழுதினார்கள். கனமான லாவாப் பட்டைகள் இளகிய மேலோட்டுக்குள் செங்குத்தாகவே மூழ்கியிருக்கலாம், பக்கவாட்டு மோதல் வேண்டியதில்லை என்பாரும் உண்டு. வெப்பத்தூண் என்றால் கிழக்கும் மேற்கும் ஏன் இத்தனை வேறுபட்ட கவசத்தைக் காட்டுகின்றன என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஒட்டிய தட்டுகள் என்றால், கிழக்கு லாவாவின் செறிவு அமிழ்தலில் வந்ததா, பழைய கண்டத்தைக் கரைத்ததில் வந்ததா என்று இவர்கள் ஒவ்வொரு மாதிரியிலும் காட்ட வேண்டும்.